எடை குறைந்த வண்டி

எடை குறைந்த வண்டி வாங்குகிறவர்கள் பெரும்பாலும் எடை கூடிய ஆட்கள்தான். இத்தனை வருடம் பட்டறை நடத்தியதில் நான் கண்டது இது. தொப்பை வருடா வருடம் ஏறும். வண்டி மட்டும் வருடா வருடம் இளைக்க வேண்டும். சாப்பாட்டைக் குறைப்பதைவிட அலுமினியத்தைக் குறைப்பது சுலபம் என்று கம்பெனிக்காரர்களுக்கும் தெரியும்.

கேட்டதை விட்டுவிட்டு எங்கேயோ போகிறேன் என்று நினைக்காதீர்கள், சார்ஜண்ட். நீங்கள் பெல்ட்டைப் பற்றிக் கேட்டீர்கள். பெல்ட்டைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் எடையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

எங்கள் கூட்னி மலைகளில் பனி இடுப்பளவு விழும். மாவு மாதிரிப் பனி. கனத்த வண்டி அதில் புதைந்துவிடும், பிறகு மண்வெட்டியும் கையுமாகப் பாதி நாள் போகும். அதனால் மலைக்கென்று செய்கிற பனிவண்டிகளில் எதையெல்லாம் மெலிதாக்க முடியுமோ அதையெல்லாம் மெலிதாக்கிவிட்டார்கள். கால் வைக்கிற பலகை ஒரு பாறையில் இடித்தால் அட்டை மாதிரி மடங்கும். பின்பக்கத்துத் தகட்டுக்கூடு இரண்டாவது குளிர்காலத்தில் ரிவெட் அடித்த இடத்திலிருந்து விரிசல் விடும். அதற்கு வைத்தியம் இருக்கிறது. விரிசல் முடிகிற இடத்தில் சின்னதாக ஒரு துளை போட வேண்டும். துளையைத் தாண்டி விரிசல் போகாது. அதன்மேல் ஒரு தகடு வைத்து அடித்துவிட்டால் தீர்ந்தது. முன்னால் சறுக்குக்கட்டைகளைத் தாங்குகிற கைகள் வளைந்து வந்தால் நான் நிமிர்த்த மாட்டேன், மாற்றிவிடுவேன். வளைந்த அலுமினியத்தை நிமிர்த்தினால் அடுத்த தடவை சொல்லாமல் கொள்ளாமல் முறியும். எஞ்சினைக் குளிரவைப்பதே கீழே ஓடுகிற ரப்பர் பட்டை வாரியடிக்கும் பனிதான். கெட்டிப்பட்ட பாதையில் போனால் பனி கிளம்பாது, எஞ்சின் கொதிக்கும். அதற்குப் பாதையைச் சுரண்டிக்கொண்டே வருகிற மாதிரி ஒரு கம்பி கட்டிக் கொடுப்பேன்.

இதெல்லாம் தொல்லைகள். ஆளைக் கொல்லாது. பெல்ட் அப்படியல்ல.

பழைய வண்டிகளில் எஞ்சினின் பலம் ஒரு இரும்புச் சங்கிலி வழியாக ரப்பர் பட்டைக்கு இறங்கும். சங்கிலி, அது ஊற எண்ணெய், எண்ணெய்க்கு ஒரு பெட்டி, எல்லாமே கனம். அதையெல்லாம் எடுத்துவிட்டுப் பல் வைத்த பெல்ட் ஒன்றைப் போட்டார்கள். மேலே ஒரு சக்கரம், கீழே ஒரு சக்கரம், நடுவில் பெல்ட். அதில் தப்பில்லை. ஆனால் ஒரு மாடலில் பிரேக்கை மேல் சக்கரத்தின் தண்டில் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். பெல்ட் போனால் எஞ்சினுக்கும் பட்டைக்கும் இருக்கிற தொடர்பு போகும். அதோடு பிரேக்குக்கும் பட்டைக்கும் இருக்கிற தொடர்பும் போய்விடும். செங்குத்துச் சரிவில் நிற்கிறவன் பிரேக்கை இறுக்கிப் பிடிப்பான். பிரேக்கும் பிடிக்கும். வண்டி மட்டும் கீழே போய்க்கொண்டிருக்கும்.

போன குளிர்காலத்தில் முதலில் வந்தது ஜோயன் வண்டி. உங்களுக்குத் தெரிந்திருக்கும், ஆஸ்பத்திரி நர்ஸ்.

“பிரேக்கப் புடிச்சேன் நிக், சத்தியமாப் புடிச்சேன். அது பாட்டுக்குப் போவுது. குதிச்சுட்டேன்” என்றாள்.

“நல்ல வேலை பண்ணின.”

“புது வண்டி மரத்துல போயி ஒட்டிக்கிட்டு நிக்குது. நீ நல்ல வேலைங்கிற.”

மூடியைக் கழற்றினேன். பெல்ட் ஓரத்துக்கு நகர்ந்து நகர்ந்து, சக்கரத்தை விட்டு வெளியே வந்து, நார்நாராகப் பிய்ந்து கிடந்தது. காரணம் பார்த்த உடனேயே தெரிந்தது. கீழ்த்தண்டின் பேரிங்கைப் பிடித்திருக்கிற தகடு மெலிது. பாரம் ஏறினால் மூச்சு விடுகிற மாதிரி வளைந்து கொடுக்கும். ஒவ்வொரு தடவை வளையும்போதும் பெல்ட் ஒரு நூல் வெளியே நகரும். கனமான தகடு ஒன்று வெட்டிப் பொருத்தி, கீழ்ச் சக்கரத்தின் ஓரத்தில் எஃகு விளிம்பு ஒன்று வைத்தேன். அதற்குப் பிறகு ஜோயன் வண்டியில் பெல்ட் அசையவில்லை. கூடின எடை, ஒரு ரொட்டி எடைகூட இருக்காது.

அடுத்த நாள் கம்பெனிக்கு போன் செய்தேன். சின்ன வயதுப் பெண் எடுத்தாள். மரியாதையான பெண். தகடு, சக்கரம், பிரேக் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

“யாருக்காவது காயம் உண்டா சார்?”

“இல்லம்மா. குதிச்சுட்டாங்க.”

“அப்ப காயம் இல்லன்னு போட்டுக்கவா?”

“இன்னும் இல்லன்னு போட்டுக்க.”

“அப்படி ஒரு கட்டம் இங்க இல்ல சார்” என்றாள். கிண்டலாகச் சொல்லவில்லை. திரையில் இல்லை, அதனால் இல்லை என்றாள்.

அந்தக் குளிர்காலத்திலேயே இன்னும் இரண்டு வண்டிகள் அதே கோலத்தில் வந்தன. இரண்டு தடவையும் போன் செய்தேன். இரண்டு தடவையும் அதே கேள்வி, யாருக்காவது காயம் உண்டா. அந்தப் பெண்ணின் மேல் எனக்குக் கோபமே கிடையாது. யோசித்துப் பார்த்தால் அவள்தான் எனக்கு வழி சொன்னாள்.

இனி கோர்டியைப் பற்றிச் சொல்கிறேன்.

கோர்டி லிண்ட்டும் நானும் மர ஆலையில் ஒரே ஷிஃப்டில் வேலை பார்த்தவர்கள். ஆலையை மூடிய பிறகு நான் பட்டறை வைத்தேன், அவன் சும்மா இருந்தான். சும்மா இருப்பதில் அவனுக்கு இணை கிடையாது. மனைவி எப்போதோ கல்கரிக்குப் போய்விட்டாள். ஒரு நாய், ஒரு வண்டி, ஊர் பூராவும் சிநேகிதர்கள். பனிவண்டி கிளப்பின் விருந்துகளில் அவன் வராத மேசையில் ஆட்கள் உட்கார மாட்டார்கள். கதை சொல்லுவான். அதிலும் ஒரு கதை.

ஒரு வருடம் பனிச்சரிவில் நான் மாட்டிக்கொண்டேன். கோர்டிதான் தோண்டி எடுத்தான். மற்றவர்கள் வந்து சேர்வதற்குள் தனியாளாகத் தோண்டினான், விரல் நகம் இரண்டு பிய்ந்துபோயிற்று. அவன் இல்லையென்றால் நான் இல்லை. அதை நான் எங்கேயும் மறுத்ததில்லை. பாலி, என் மனைவி, அன்றிலிருந்து வாரம் ஒரு பாத்திரம் போர்ஷ்ட் சூப் அவனுக்குக் கொடுத்தனுப்புவாள். நானே கொண்டுபோய்க் கொடுப்பேன்.

விருந்தில் தட்டுகள் காலியானதும் யாராவது, “கோர்டி, அந்த நிக் கதையை எடுத்து விடு” என்பார்கள்.

“வேணாம்டா, பாவம், அவன் பொண்டாட்டி இருக்கா” என்பான் அவன், எழுந்து நின்றுகொண்டே. “தோண்டுறேன், தோண்டுறேன், மொதல்ல ஒரு பூட்ஸ் வருது. சரி, ஆளு தலைகீழா இருக்கான்னு அந்தப் பக்கம் தோண்டுனா, உள்ளேர்ந்து ஒரு சத்தம். கூர்ந்து கேட்டா அம்மா, அம்மாங்குது. அதுவும் ரஷ்ய மொழியில. எனக்கு என்ன சந்தேகம்னா, நான் தோண்டி முடிக்கிறதுக்குள்ள அந்தம்மா சைபீரியாலேர்ந்து வந்துருவாங்களோன்னு.”

இங்கே எல்லோரும் சிரிப்பார்கள்.

“இழுத்துப் போட்டுப் பாக்குறேன், பேன்ட்டு நனைஞ்சிருக்கு. பனியாலங்கிறான். இன்னிக்கு வரைக்கும் பனியாலங்கிறான். பனி எப்படிடா சுடச்சுட இருக்கும்?”

பாலியும் சிரிப்பாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிப்பாள். நல்ல கதைதான். நானும் சிரிப்பேன். பதினோரு குளிர்காலம் சிரித்திருக்கிறேன். புதிதாக ஊருக்குக் குடிவந்தவர்கள்கூட என் பட்டறைக்கு முதல் தடவை வரும்போது என் முகத்தைப் பார்த்து லேசாகச் சிரிப்பார்கள். கடைக்குப் பால் வாங்கப் போனால் சிரிப்பார்கள். பழகிவிட்டது.

இதற்கும் மற்றதற்கும் சம்பந்தமில்லை. நீங்கள் இதையே திரும்பத் திரும்பக் கேட்டதால் சொன்னேன்.

இலையுதிர்காலத்தில், பனி விழுமுன், எல்லோரும் வண்டிகளைச் சரிபார்க்கக் கொண்டுவந்து விடுவார்கள். அந்த மாடல் ஊரில் நன்றாக விற்றிருந்தது. முற்றத்தில் வரிசையாக நின்றன. எல்லாவற்றுக்கும் என் தகட்டையும் விளிம்பையும் போட்டுவிடுவது என்று தீர்மானித்தேன், கூலி வாங்காமல். அப்படிச் செய்துகொண்டிருக்கும்போதுதான் ஒன்று தோன்றியது. எங்கள் ஊரில் இனி யாருக்கும் காயம் படாது. சரி. ஆனால் மலைக்கு அந்தப் பக்கத்து ஊர்களில்? ஐடஹோவில், வயோமிங்கில்? அங்கேயெல்லாம் இதே வண்டிகள் இதே தகட்டோடு ஏறிக்கொண்டிருக்கும். அங்கே நான் இல்லை. கம்பெனி மாற்றினால்தான் உண்டு. கம்பெனி மாற்ற வேண்டுமானால் அந்தப் பெண்ணின் திரையில் இருக்கிற கட்டத்தில் ஒரு குறி விழ வேண்டும்.

ஒரே ஒரு ஆள். அதற்குப் பதிலாக எத்தனை பேர் என்று யோசித்துப் பாருங்கள்.

யார் என்பதை நான் அவசரப்பட்டு முடிவு செய்யவில்லை. வேலை செய்துகொண்டே ஒவ்வொரு வண்டியாகப் பார்த்தேன். பள்ளிக்கூட வாத்தியார் வெர்னுக்கு இரட்டைக் குழந்தைகள், இன்னும் நடக்கக்கூட ஆரம்பிக்கவில்லை. அவனுக்குத் தகடு போட்டேன். ஜோயனை நம்பி ஒரு ஆஸ்பத்திரியே இருக்கிறது. புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடியின் வண்டிகள் இருந்தன. ஒருவருக்கு ஏதாவது ஆனால் மற்றவர் கதி என்ன ஆகும்? போட்டேன். கடைசிவரை ஒரு வண்டியையும் அலட்சியமாகப் பார்க்கவில்லை.

கோர்டிக்குப் பிள்ளை குட்டி கிடையாது. சம்பளத்துக்கு அவனை எதிர்பார்த்து யாரும் இல்லை. நாயை நாங்கள் பார்த்துக்கொள்ளலாம். அதோடு, செத்தால் மலையில் சாக வேண்டும், ஆஸ்பத்திரிக் கட்டிலில் ட்யூப் சொருகிக்கொண்டு சாகக் கூடாது என்று அவன் என்னிடமே பல தடவை சொல்லியிருக்கிறான். அவன் விருப்பத்தையும் நான் சேர்த்துத்தான் பார்த்தேன். மனதில் எதையும் வைத்துக்கொள்ளாமல் யார் உட்கார்ந்து யோசித்திருந்தாலும் அவன் பெயரில்தான் வந்து நின்றிருப்பார்கள்.

வண்டியை எடுக்க வந்தபோது கேட்டான்.

“போட்டுட்டியா உன் இரும்ப?”

“போட்டுட்டேன்.”

“கனக்குமேடா. இந்த வண்டிய வாங்குனதே லேசா இருக்குன்னுதான்.”

“தூக்கிப் பாரு.”

சறுக்குக்கட்டையைப் பிடித்து முன்பக்கத்தைத் தூக்கிப் பார்த்தான். “நிஜமாவே தெரியலடா” என்றான். “நீ பெரிய ஆளுதான். வாய்தான் கிடையாது, கை இருக்கு.”

தெரியாதுதான். போடாத தகடு எப்படிக் கனக்கும்? போடாததோடு நிறுத்தவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். பழைய தகட்டின் ஒரு பக்கத்தில் காகிதக் கனத்தில் ஒரு வாஷர் வைத்தேன். தண்டு கண்ணுக்குத் தெரியாத அளவு கோணும். பெல்ட் கொஞ்சம் வேகமாக ஓரத்துக்குப் போகும். தானாக நடக்கப்போவதுதான். இந்தக் குளிர்காலத்திலேயே நடந்தால் அடுத்த வருட மாடலிலாவது மாற்றிவிடுவார்கள் என்று நினைத்தேன்.

டிசம்பர் போயிற்று. ஜனவரி போயிற்று. பெல்ட் போகவில்லை. வார இறுதியில் கோர்டி மலைக்குக் கிளம்பினால் நானும் கூடப் போவேன். நடந்ததைப் பார்த்துச் சரியாகச் சொல்ல ஒரு ஆள் வேண்டுமல்லவா. பாலிக்குச் சந்தோஷம். “இப்பத்தான் ரெண்டு பேரும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கீங்க” என்றாள். அவன் சரிவில் ஏறும்போதெல்லாம் நான் கீழே வண்டியை அணைத்துவிட்டு, சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிற்பேன். பெல்ட் ஓரம் தேயும்போது ஒரு சீழ்க்கைச் சத்தம் வரும். வரவில்லை.

பிப்ரவரியில் அந்த நாள், காலையிலேயே வானம் துடைத்த மாதிரி இருந்தது. மலைக்கு அந்தப் பக்கத்துப் பள்ளத்தாக்கில் நாங்கள் இரண்டு பேர்தான். முதல் சரிவு முடிந்ததும் வண்டிமேல் உட்கார்ந்து சாப்பிட்டோம். நான் பாலாடைக்கட்டி வைத்த ரொட்டி. அவன் காய்ந்த மாட்டிறைச்சி.

“ஒரு துண்டு தின்னு பாருடா. இத்தன வருஷம் கழிச்சு உங்க சாமி என்ன பண்ணிடப் போவுது?”

“வேணாம்.”

“மீனு?”

“வேணாம்.”

“உன்னயெல்லாம் கரடிகூடத் திங்காது. புல்லு வாசன அடிக்கும்.”

எங்கள் குடும்பத்தில் மாமிசம் கிடையாது. எங்கள் ஆட்கள் ரஷ்யாவில் ஜார் மன்னனின் பட்டாளத்துக்குப் போக மாட்டோம் என்று சொல்லி, கையில் இருந்த துப்பாக்கிகளையெல்லாம் குவித்து வைத்து எரித்தவர்கள். அதற்காகச் சாட்டையடி வாங்கி, நாடு விட்டு இங்கே வந்தவர்கள். நான் என் ஆயுளில் யாரையும் கைநீட்டி அடித்ததில்லை. நீங்கள் விசாரித்துப் பார்க்கலாம்.

சாப்பிட்டு முடித்ததும் கோர்டி எதிர்ச் சரிவில் ஏறினான். நல்ல ஏற்றம். உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் பக்கவாட்டில் வெட்டித் திருப்பிக்கொண்டு இறங்கினான். பாதி தூரத்தில் வண்டியின் மூக்கு சட்டென்று பனிக்குள் போயிற்று, பின்பக்கம் எழும்பியது, அவன் முன்னால் விழ, வண்டி அவன்மேல் உருண்டு அடிவாரத்துக்கு வந்து நின்றது. சத்தம் அதிகமில்லை. பனி எல்லாவற்றையும் விழுங்கிவிடும்.

நான் வண்டியிடம்தான் முதலில் போனேன்.

கவிழ்ந்து கிடந்தது. பக்கத்து மூடியைக் கழற்ற மூன்று திருகாணி. கையுறையைக் கழற்றிவிட்டு அதை எடுத்தேன். உள்ளே பெல்ட் முழுசாக இருந்தது. ஓரத்தில் லேசாகத் தேய்ந்திருந்தது, அவ்வளவுதான். பல் ஒன்றுகூடப் போகவில்லை. விரலை விட்டு இழுத்துப் பார்த்தேன். அது இருக்க வேண்டிய இறுக்கத்தில் இருந்தது.

“நிக்.”

கொஞ்சம் மேலே, பனியில் முதுகு புதைந்து கிடந்தான். ஹெல்மெட் கழன்றிருந்தது.

“இங்கதான் இருக்கேன்.”

“காலு போச்சுன்னு நெனைக்கிறேன். நெஞ்சுலயும் என்னமோ குத்துது.”

“அசையாத. பிரேக் போயிருச்சா?”

“பிரேக்கா?” என்றான். கேள்வி புரியாதவன் மாதிரி என்னைப் பார்த்தான். “அது நல்லாத்தான்டா புடிச்சுது. பனிக்குள்ள அடிமரம் இருந்திருக்கு. நான்தான் பாக்கல.”

சிரிக்கப் பார்த்தான். வலித்திருக்க வேண்டும், நிறுத்திக்கொண்டான்.

“சரி விடு. இனிமே கிளப்புல நீ சொல்லு கதைய. கோர்டி லிண்டு கரப்பான் பூச்சி மாதிரி மல்லாந்து கெடந்தான்னு சொல்லு. அழுதான்னு வேணும்னாலும் சேத்துக்க. உனக்கும் எனக்கும் சரியாப் போச்சு.”

அவன் அதை நல்ல மனதோடுதான் சொன்னான். எனக்குத் தெரியும்.

ஆனால் என் நிலைமையை நீங்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். பிரேக் நன்றாகப் பிடித்தது என்று அவன் தன் வாயால் சொன்னால், கம்பெனிக்காரர்கள் ஓட்டியவனின் தவறு என்று எழுதி மூடிவிடுவார்கள். அதற்குப் பிறகு நான் எத்தனை தடவை போன் செய்தாலும் எடுக்க மாட்டார்கள். காயமும் பட்டு, அது வீணாகவும் போவது. அதோடு இன்சூரன்ஸ்காரன் மூடியைத் திறப்பான். தகடு இருக்காது, வாஷர் இருக்கும். கோர்டி ஒரு விஷயத்தைத் தனக்குள் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை.

என்னிடம் ரொட்டி வெட்டுகிற கத்தி இருந்தது. வண்டியிடம் திரும்பிப் போனேன். பெல்ட்டை அறுப்பது சுலபமில்லை, உள்ளே நூலிழைகள் இருக்கும். அறுத்த முனைகளை இடுக்கியால் பிடித்து இழுத்து, தானாகப் பிய்ந்த மாதிரி நார் எடுத்தேன். ஜோயன் வண்டியில் பார்த்தது நினைவில் இருந்தது. பரிசோதனைச் சாலையில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் கத்தி பட்ட இடம் தெரிந்துவிடும் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. குளிரில் கை விறைத்திருந்தது. வாஷரை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

“என்னடா பண்ற அங்க?”

“பெல்ட்டப் பாக்குறேன்.”

“இப்பவா?”

“ஆமா.”

“உனக்குக் கிறுக்குடா” என்றான். “மொதல்ல பட்டன அமுத்து.”

பட்டன் என்று அவன் சொன்னது என் மார்புப் பையில் இருந்த கருவியை. அதில் இருக்கிற பொத்தானை அழுத்தினால் நாம் எங்கே இருக்கிறோம் என்பது மீட்புக் குழுவுக்குப் போய்விடும். அவனுடையது வண்டிக்கு அடியில் நசுங்கிவிட்டது. அன்றைய வானத்துக்கு ஹெலிகாப்டர் ஒரு மணி நேரத்துக்குள் வந்திருக்கும். அதை நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. அந்தக் குழுவில் நானும் பல வருடம் இருந்திருக்கிறேன்.

“அமுத்திட்டேன்” என்றேன்.

பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் நடுங்கிக்கொண்டிருந்தான். என் ஜாக்கெட்டைக் கழற்றிப் போர்த்திவிட்டேன். அதற்கு முன்னால் கருவியை எடுத்துக் கால்சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். ஃபிளாஸ்கில் தேநீர் இருந்தது, ஊற்றிக் கொடுத்தேன். கொஞ்சம் குடித்தான். நாயைப் பற்றிப் பேசினான், அதற்குக் காதில் மருந்து விட வேண்டுமாம். பாலியின் போர்ஷ்ட்டில் வெண்ணெய் கூடிப்போகிறது என்றான், அதை அவளிடம் சொல்லிவிடாதே என்றான். இடையிடையே வானத்தைப் பார்ப்பான்.

“சத்தம் கேக்குதா?”

“வந்துருவாங்க.”

“காத்து அந்தப் பக்கம் அடிக்குது போல. அதான் கேக்கல.”

“அப்படித்தான் இருக்கும்.”

ஒரு தடவை மட்டும் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். “அமுத்துனதானே?” என்றான். அமுத்தினேன் என்றேன். அவன் தலையாட்டினான். நம்பினானா என்று நீங்கள் கேட்டால் எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு அவன் கேட்கவில்லை.

வெயில் பள்ளத்தாக்கை விட்டு மேலே ஏறியது. அவன் உதடு நிறம் மாறியது. நான் காத்திருந்தேன். முடிந்துவிட்டது என்று உறுதியானதும் பொத்தானை அழுத்தினேன். ஹெலிகாப்டர் சொன்ன நேரத்துக்குள் வந்தது. நல்ல பையன்கள். அழுதுகொண்டே தூக்கினார்கள்.

அடுத்த திங்கட்கிழமை கம்பெனிக்கு போன் செய்தேன். அதே பெண்தான். ஒரு ஆள் இறந்துவிட்டார் என்றேன்.  “ரொம்ப வருத்தமா இருக்கு சார்” என்றாள். அவள் குரல் மாறியிருந்தது. எனக்கு அவள்மேல் இரக்கமாக இருந்தது.

அந்தத் தகட்டை மாற்றுவதென்று போன கோடையிலேயே கம்பெனியில் முடிவாகிவிட்டது என்று நேற்று நீங்கள் சொன்னீர்கள். என்னுடைய மூன்று போன் அழைப்புகளை வைத்துத்தான் முடிவு செய்தார்களாம். புதுத் தகடுகள் பெட்டி பெட்டியாகக் கிளம்பத் தயாராக இருந்தனவாம். எனக்கு யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் வேலை எவ்வளவு மிச்சமாகியிருக்கும்.

உடனே அழுத்தியிருந்தால் பிழைத்திருப்பார், நொண்டியிருப்பார், ஆனால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததையும் காட்டினீர்கள். படித்தேன். அவர் சொல்வது சரியாகத்தான் இருக்கும். நான் மறுக்கவில்லை. கோர்டி லிண்ட்டை நான்தான் சாகவிட்டேன். வாஷர் வைத்தது நான். பெல்ட்டை அறுத்தது நான். பொத்தானை அழுத்தாமல் இருந்ததும் நான்தான். வக்கீல் வேண்டாம் என்று முன்பே சொல்லிவிட்டேன்.

இந்தக் குளிர்காலத்தில் கிளப் விருந்துக்குப் பாலி தனியாகப் போய்வந்தாளாம். யாரும் சிரிக்கவில்லையாம். நாய் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. காதுக்கு மருந்து விடச் சொல்லியிருக்கிறேன்.

நீங்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறீர்கள். வெறுப்பு இருந்தது என்று ஒத்துக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள். வெறுப்பு இருந்தால் ஒருவன் அப்படிப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பானா? எழுந்து போயிருப்பான். கடைசியில் கோர்டி, “கையப் புடிச்சுக்கடா” என்றான். பிடித்துக்கொண்டேன். என் கைக்கும் சூடு இல்லைதான், ஆனாலும் விடவில்லை. அவன் ரொம்ப இறுக்கமாகப் பிடித்திருந்தான். இன்னொரு கையால் கருவியைப் பிடித்திருந்தேன், பை வழியாகத் தவறி அழுந்திவிடக் கூடாதே என்று. அவனும் அம்மா என்றுதான் சொன்னான், சார்ஜண்ட். இரண்டு தடவை சொன்னான். அதை நான் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. நான் அப்படிப்பட்டவன் இல்லை.